முகாம் பெண்களின் கல்வியும் ஓஃபர் அமைப்பும்: தமிழகத்தில் நாற்பது ஆண்டுகள்

புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் நாம் 'அகதி' என்ற சொல்லைக் கேட்டதும் லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்றே நினைத்துக்கொள்கிறோம். ஆனால் நம்மில் பலரின் சொந்தங்கள் இன்னும் பாக்கு நீரிணைக்கு மறுகரையில்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறக்குறைய 58,000 பேரும், முகாமுக்கு வெளியே காவல்நிலையப் பதிவுடன் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரும் வாழ்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. முகாமிலேயே பிறந்து, அங்கேயே படித்து, மணமுடித்து, பிள்ளை பெற்றவர்கள்.

இந்த மக்களிடையே அகதிகளே சேர்ந்து உருவாக்கிய தொண்டமைப்புத்தான் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஓஃபர்' என்பார்கள். 1984 இல் சென்னையில் இதைத் தொடங்கியவர் தந்தை செல்வாவின் மகனும் சட்டத்தரணியுமான எஸ். சி. சந்திரகாசன். 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்களுக்கு உணவும் உடையும் திரட்டுவதே தொடக்கத்தில் அதன் வேலை. ஆனால் படகுகள் நிற்கவில்லை. 1983 இல் ஒரு அலை, 1990 இல் இரண்டாவது, 1996 க்குப் பிறகு மூன்றாவது, 2006 இலிருந்து நான்காவது என்று மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்திறங்கினர். 2022 இல் இலங்கையின் பொருளாதாரம் நொறுங்கியபோதும் சில நூறு பேர் வந்தார்கள். எனவே 'தற்காலிகம்' என்று தொடங்கிய எல்லாமே நிரந்தரமாகிப் போனது.

வந்தவர்கள் முதலில் சேரும் இடம் மண்டபம். வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த அதே முகாம். போனவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோதும் அதே வாசலில்தான் பெயர் பதிந்தார்கள். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி, பவானிசாகர், கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை என்று மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள்.

முகாம் வீடு என்றால் பத்துக்குப் பத்தடி. முகாமில் வளர்ந்த எவரிடம் பேசினாலும் இந்தக் கணக்கு முதலில் வரும். ஒரே அறைக்குள் சமையல், படுக்கை, பிள்ளையின் படிப்பு, மாமியாரின் இருமல். பல முகாம்களில் நீண்ட காலம் கழிப்பறை கிடையாது. ஆண் வெளியில் போய்விடுவான். அந்தப் பத்தடிக்குள் நாள் முழுக்க இருந்து குடும்பத்தை நடத்தியவள் பெண். ஆண்களுக்குக் கிடைத்த தொழில் பெரும்பாலும் பெயின்ட் அடிப்பது. பெண்களுக்கு வயல் கூலி, தையல், பனியன் கம்பெனி. மாலைக்குள் முகாமுக்குத் திரும்பியாக வேண்டும், குறிப்பிட்ட நாட்களில் அதிகாரிகள் முன் நேரில் நின்று கணக்குக் காட்ட வேண்டும், இல்லையென்றால் அரசின் பணக்கொடை நிற்கும் என்ற கட்டுப்பாடுகள் தொலைவில் வேலை தேடுவதையே தடுத்தன.

இந்த நிலையில் கல்விதான் வழி என்று ஓஃபர் எடுத்த முடிவை அதன் நாற்பது ஆண்டுகளில் மிகச் சரியான முடிவு என்போம். அதுவும் எளிதாக நடந்ததல்ல. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம் மக்கள் மீது விழுந்த சந்தேகத்தின் பாரம் பிள்ளைகளின் புத்தகப்பையிலும் ஏறியது. பள்ளி, கல்லூரி வாசல்கள் சில ஆண்டுகள் அடைபட்டன. தொண்டமைப்புகள் முகாமுக்குள் நுழையவும் தடை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வெளியிலிருந்து யாரும் வரமுடியாத அந்தக் காலத்தில் முகாமுக்குள் இருந்தவர்களே பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அகதிகளே நடத்தும் அமைப்பாக இருந்ததன் பயன் அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. வாசலில் நிறுத்துவதற்கு வெளியாள் என்று யாரும் இல்லை.

தடைகள் தளர்ந்த பின் மாலை நேர வகுப்புகள் முறையாக வளர்ந்தன. பகலில் பிள்ளைகள் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் படிப்பார்கள். மாலையில் முகாமின் பொதுக்கூடத்திலோ மரத்தடியிலோ வகுப்பு. சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் அதே முகாமில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த, அல்லது கல்லூரிக்குப் போய்வரும் இளம்பெண்கள். கிடைத்தது சிறு ஊக்கத்தொகை. ஆனால் திருமணத்துக்குக் காத்திருக்கும் பெண் என்று பார்க்கப்பட்டவளை முகாம் முழுக்க 'டீச்சர்' என்று அழைக்கத் தொடங்கியது. இந்த மாற்றத்துக்குக் கணக்கு எழுதும் புள்ளிவிவரம் எதுவும் கிடையாது. ஆனாலும் பெண்பிள்ளைகளைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தும் பழக்கத்தை உடைத்ததில் இந்த டீச்சர்மாருக்குப் பெரும் பங்கு உண்டு. தன் வயதை ஒத்த அயல்வீட்டுப் பெண் கல்லூரிக்குப் போவதைக் காணும் தாய், தன் மகளை நிறுத்த இரண்டு தடவை யோசிப்பாள்.

இதையெல்லாம் ஓஃபர் தனியே செய்யவில்லை. இயேசு சபையினரின் அகதிகள் பணி அமைப்பான ஜே.ஆர்.எஸ். முகாம்களில் மாலைக் கல்வி நிலையங்களை நடத்திவருகிறது. அட்ரா அமைப்பும் நெடுங்காலம் களத்தில் நின்றது. ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்குச் சென்னையில் அலுவலகம் உண்டு. ஆனால் அது முதன்மையாக விருப்பத்துடன் நாடு திரும்புவோருக்கான அலுவலகம். காரணம், இந்தியா 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. தமிழக முகாம்களைப் பதிவதும் நடத்துவதும் மாநில அரசின் வேலை. ஆகவே ஒரு பிள்ளைக்குக் கல்லூரி இடம் வேண்டுமென்றால் வருவாய்த்துறை, மறுவாழ்வுத்துறை, கல்லூரி முதல்வர், கட்டணத்துக்கு ஒரு புரவலர் என்று நான்கு கதவுகளைத் தட்ட வேண்டும். எந்தக் கதவை எப்போது தட்டுவது என்ற அறிவுதான் இந்த அமைப்புகள் சேர்த்துவைத்திருக்கும் உண்மையான சொத்து.

கல்விக்கு அப்பாலும் பெண்கள் கையில் வேலைகள் இருந்தன. முகாமுக்கு ஒருவராக உடல்நலப் பணியாளர்கள் பயிற்றப்பட்டார்கள். எடை குறைந்த குழந்தைகளுக்காக ஸ்பைருலினா எனும் சுருள்பாசியைத் தொட்டியில் வளர்க்கப் பெண்கள் குழுக்கள் கற்றுக்கொண்டன. இன்று நாம் இயற்கை உணவுக் கடைகளில் அதிக விலை கொடுத்து வாங்கும் அதே பச்சைப் பொடிதான். சுயஉதவிக் குழுக்கள் சிறு சேமிப்பைத் தொடங்கின. குடிப்பழக்கமும் அதனால் வரும் அடிதடியும் முகாம்களின் தீராத நோய் என்பதால் உளவள ஆலோசனைப் பயிற்சியும் நடந்தது. அந்தப் பயிற்சி எதிர்பாராத இடத்தில் கைகொடுத்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தைச் சூறையாடியபோது, முகாமிலிருந்து புறப்பட்டுப் போய் அந்த மீனவக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியவர்களில் அகதித் தொண்டர்களும் இருந்தார்கள். வீட்டையும் உறவையும் ஒரே நாளில் இழப்பது என்ன என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

இனி, வெளியில் அதிகம் பேசப்படாத ஆனால் மிக முக்கியமான வேலைக்கு வருவோம்: பிறப்புச் சான்றிதழ். இலங்கைப் பெற்றோருக்கு இந்தியாவில் பிறக்கும் குழந்தைக்கு இரண்டு படி உண்டு. முதலில் இந்தியப் பிறப்புச் சான்றிதழ். பிறகு அதைக் கொண்டு சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து இலங்கைக் குடியுரிமை கோர வேண்டும். ஓராண்டுக்குள் செய்யாவிட்டால் தாமதக் கட்டணம். அதற்குத் தாய் தந்தையின் பிறப்புச் சான்று, திருமணப் பதிவு எல்லாம் வேண்டும். இரவோடிரவாகப் படகேறிய குடும்பத்தில் அவை எங்கே இருக்கும்? இலங்கையில் எந்தக் கச்சேரியில் பதிவு இருக்கும், யாரைக் கொண்டு எடுப்பிக்கலாம் என்று தேடி, ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாள்களைச் சேர்த்துக் கொடுத்தது ஓஃபரின் பணி. மலையகத்திலிருந்து வந்தவர்களின் சிக்கல் இன்னும் பெரிது. அவர்களில் பலர் எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாதவர்கள். 2003 ஆம் ஆண்டு இலங்கைச் சட்டமும், இந்தியாவில் தங்கியிருப்பவர்களையும் உள்ளடக்க 2009 இல் செய்யப்பட்ட திருத்தமும் அவர்களுக்கு ஒரு கதவைத் திறந்தன.

அதே பிறப்புச் சான்றிதழ் எதிர்ப்பக்கத்திலும் ஒரு கதவைத் திறக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1 க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகர். முதல் அலையில் வந்தவர்களுக்கு முகாமில் பிறந்த மூத்த பிள்ளைகள் இதற்குள் அடங்குவார்கள். இந்த அடிப்படையில் நீதிமன்றம் சென்று இந்தியக் கடவுச்சீட்டு பெற்று, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தவரும் உண்டு. அடுத்த ஆண்டில் பிறந்த தம்பி தங்கைக்கு அந்த உரிமை இல்லை. ஒரே பத்தடி அறையில் வளர்ந்த உடன்பிறப்புகளை ஒரு தேதி பிரித்துவைக்கிறது.

மற்றவர்களைச் சட்டம் 'சட்டவிரோதமாகக் குடியேறியவர்' என்றே வகைப்படுத்துகிறது. கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்ததுதான் குற்றம். 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்சி முகாம்களில் வாழும் மலையக வம்சாவளியினரின் வழக்கில் அவர்களது விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி பணித்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் மட்டும் எடுத்துக்கொண்டு இலங்கையை விட்டுவிட்டது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. சிறை அச்சம் குறையலாம். குடியுரிமைக்கும் இதற்கும் தூரம் அதிகம்.

இந்தத் தூரம்தான் படித்த பெண்ணின் கழுத்தை நெரிக்கிறது. மாலை வகுப்பில் படித்து, கல்லூரியில் தேறி, பட்டம் வாங்கிய பின் அரசு வேலைக்கான தேர்வை அவளால் எழுத முடியாது. மருத்துவப் படிப்பு பெரும்பாலும் கைக்கு எட்டாது. தனியார் நிறுவனமும் முகாம் முகவரியைக் கண்டதும் தயங்கும். பட்டதாரி அண்ணன் பெயின்ட் அடிக்கப் போவதைப் பார்த்த தங்கை, 'படிச்சு என்னத்துக்கு?' என்று கேட்டால் டீச்சர் என்ன பதில் சொல்வாள்? கல்வியை முன்னிறுத்திய எல்லா அமைப்புகளும் எதிர்கொள்ளும் கேள்வி இது.

இங்கே ஓஃபரின் பார்வையோடு முகாம் இளையோர் பலர் முரண்படுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். படித்து, பயிற்சி பெற்று, ஒருநாள் ஊர் திரும்பி அங்கே மீளக்கட்டுவது என்பதே அமைப்பின் நெடுங்கால நோக்கு. திரும்பியவர்கள் கணக்கு வேலையிலும் உடல்நலப் பணியிலும் அங்கு பயன்பட்டதும் உண்மை; இலங்கையிலும் ஓஃபர் கிளை அமைத்து, குறிப்பாகக் கிழக்கில் கணவரை இழந்த பெண்களோடு பணிசெய்கிறது. ஆனால் முகாமில் பிறந்தவளுக்கு 'திரும்புவது' என்ற சொல்லே பொருந்தாது. அவளுடைய பேச்சும் பள்ளித் தோழிகளும் தமிழ்நாடுதான். அவளுக்கு வேண்டியது இந்தியக் குடியுரிமை. எங்கள் பார்வையில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. முடிவு அந்தப் பெண்ணுடையது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் குடியுரிமை பெற்று அமர்ந்திருக்கும் நாம், அவளை ஊருக்குப் போ என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மாநில அரசு தன் பங்குக்குச் சில செய்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. 7,469 புதிய வீடுகள் அதில் அடக்கம். பணக்கொடை குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாயாக உயர்ந்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஆனது. பெயர் மாற்றத்தால் வயிறு நிறையாது என்று சிலர் கேலி செய்தார்கள். பள்ளியில் 'அகதி' என்று கூப்பிடப்பட்ட பிள்ளையைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லக்கூடும்.

உதவ விரும்பும் வாசகர்கள் ஒரு விடயத்தை அறிந்திருப்பது நல்லது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் இந்தியத் தொண்டமைப்புக்குக் கொடுக்கும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அந்தச் சட்டத்தில் பதிவுபெற்ற அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் பணம் வந்துசேர வேண்டும். ஒரு அமைப்பு வாங்கி இன்னொன்றுக்கு மாற்றிக்கொடுக்கவும் முடியாது. எனவே தெரிந்தவர் மூலமாக யாரோ ஒருவரின் கணக்குக்கு 'முகாம் பிள்ளைகளுக்கு' என்று அனுப்பும் பழக்கம், வாங்குபவரை வீண் சிக்கலில் மாட்டிவிடலாம். முகாமில் சொந்தம் உள்ளவர்கள், அவர் பிள்ளைக்கு எந்த ஆண்டில் எந்த மருத்துவமனையில் பிறப்புப் பதிந்தது என்று ஒரு தடவை விசாரியுங்கள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ உள்ள உங்கள் உறவினர் கச்சேரிக்குப் போய் எடுத்தனுப்பும் தாத்தா பாட்டியின் பழைய பதிவு ஒன்று, இங்கிருந்து போகும் நூறு பவுணைவிட அந்தக் குடும்பத்துக்கு உதவக்கூடும்.