அந்த வருஷம் நம்ம ஊர் எந்த ஜில்லா?

கோட்டைப்பட்டினத்தில் யாராவது பழைய வழக்கின் தீர்ப்பு நகல் வேண்டும் என்று என்னிடம் வந்தால், கட்சிக்காரர் பெயரையோ சர்வே நம்பரையோ நான் முதலில் கேட்பதில்லை. எந்த வருஷத்து வழக்கு என்றுதான் கேட்பேன். 1974 ஜனவரி 14ஆம் தேதி புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது. அதற்கு முந்தைய நாள் வரை நாங்கள் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள். அறந்தாங்கி தாலுகாவோடு சேர்த்து எங்கள் கடற்கரையையும் தஞ்சாவூரிலிருந்து பிரித்து, திருச்சி ஜில்லாவிலிருந்து வந்த புதுக்கோட்டையோடு இணைத்தார்கள். நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். தலைநகரம்தான் மாறியது. அறந்தாங்கியில் வக்கீல் குமாஸ்தாவாக வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த எனக்கு, இந்த ஒரு தேதி தெரியாமல் அலைந்தவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும்.

இளவட்டங்கள் பலர், நாம் எப்போதும் புதுக்கோட்டைச் சீமைதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "பாய், சமஸ்தானத்து ரிக்கார்டுல பாத்தா கிடைக்குமா?" என்று கேட்பார்கள். கிடைக்காது. புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானத்துக்குக் கடலே கிடையாது. நாங்கள் இருந்தது பிரிட்டிஷ் இந்தியாவில், மதராஸ் மாகாணத்தில். சமஸ்தானத்துக்குத் தனி அரசர், தனி கோர்ட்டு. 1908ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின்படி, அதன் கோர்ட்டுகள் எங்களுக்கு அந்நிய நீதிமன்றங்கள். உப்போ கருவாடோ வாங்கிய புதுக்கோட்டை வியாபாரி பணம் தராமல் போய், எங்கள் வியாபாரி அங்கே உள்ள கோர்ட்டில் ஒரு டிகிரி வாங்கினாலும், அதைப் பிரிட்டிஷ் எல்லைக்குள் நிறைவேற்ற வேண்டுமானால் அதற்கென்று சர்க்கார் அறிவிப்பு இருக்க வேண்டும். 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகுதான் அந்தக் கோடு அழிந்தது. மாட்டுவண்டியில் போய்த் திரும்புகிற தூரத்தில் ஒரு அந்நிய தேசம் இருந்தது என்பதை இன்றைக்கு நம்புவது சிரமம். ஆனால் பழைய வழக்குக் கட்டுகளைத் தேடுகிறவன் இதை மறக்கக் கூடாது.

இன்னும் பின்னால் போனால், 1799ஆம் வருஷம் அக்டோபரில் சரபோஜி மன்னர் கிழக்கிந்தியக் கும்பினியோடு செய்துகொண்ட உடன்படிக்கையில், தஞ்சாவூர் நாட்டின் நிர்வாகம் கும்பினி கைக்குப் போனது. அதற்கு முந்தைய அரசுக் கணக்குகள் மராட்டியில், மோடி எழுத்தில் இருக்கின்றன. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் அப்படிப்பட்ட காகிதங்கள் ஏராளம். 1802இல் மதராஸ் மாகாணத்தில் ஜில்லா கோர்ட்டுகள் வந்தன. ஒரு ஜில்லாவுக்கு ஒரு ஜட்ஜ் என்றால், கடலோரத்து மனிதன் பத்து ரூபாய்க் கடனுக்காக எத்தனை நாள் நடப்பான்? 1816இல் கும்பினி அதிகாரி தாமஸ் மன்றோவின் யோசனைப்படி கிராம முன்சீப்பும் டிஸ்டிரிக்ட் முன்சீப்பும் வந்ததற்கு அதுவே காரணம். சின்ன வழக்கை ஊரிலேயே முடிக்க ஒருவர், அதற்கு மேலே நம்ம பாஷை தெரிந்த நீதிபதி ஒருவர். மன்றோவை நான் மரியாதையோடு நினைப்பது இதற்காகத்தான்.

அப்போது அறந்தாங்கிக்குத் தனித் தாலுகா கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்தப் பக்கமெல்லாம் பட்டுக்கோட்டை தாலுகாவுக்குள் கிடந்தது. ஆகவே எங்கள் ஊரின் ஒரு நிலத் தகராறு, காலத்தைப் பொறுத்து, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று எந்த ஊர்க் கட்டிலும் இருக்கலாம். இரண்டாவது அப்பீல் வரை போயிருந்தால் 1862இல் தொடங்கிய சென்னை ஹைகோர்ட். 2004 ஜூலை 24க்குப் பிறகு என்றால் மதுரைக் கிளை. மேல்கோர்ட்டு தன் தீர்ப்பை வைத்துக்கொண்டு, கீழ்க்கோர்ட்டுக் கட்டைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரே வழக்கின் காகிதம் மூன்று ஊர்களில் உட்கார்ந்திருப்பது இப்படித்தான்.

கிராம முன்சீப் காகிதங்கள்தான் பெரிய நஷ்டம். 1980 நவம்பர் 14ஆம் தேதி ஒரே உத்தரவில் கர்ணம், முன்சீப் பதவிகளெல்லாம் போயின. கணக்குப் பிள்ளைகளின் வீட்டு மரப்பெட்டியில் தலைமுறையாக இருந்தவற்றில் தாலுகா ஆபீசுக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம். வராமல் போனது எவ்வளவோ.

ரிக்கார்டு ரூம் என்பது வெளியார் நினைப்பது போலப் பூட்டிய ரகசிய அறை அல்ல. அதற்கு ஒரு சட்ட வேர் இருக்கிறது. 1872ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்தின் 74ஆம் பிரிவு எவையெல்லாம் பொது ஆவணம் என்று சொன்னது. 76ஆம் பிரிவு, அவற்றைப் பார்வையிட உரிமை உள்ள எவர் கேட்டாலும் கட்டணம் வாங்கிக்கொண்டு, உண்மை நகல் என்று எழுதி, தேதி போட்டு, பெயரும் பதவியும் முத்திரையுமாகக் கொடுக்க வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியம் நடப்பில் இருக்கிறது. 76 என்பது 75 ஆனது, உரிமை அப்படியே இருக்கிறது. வழக்கில் கட்சிக்காரர் என்றால் நகல் மனுவும் கோர்ட்டு ஸ்டாம்பும் போதும். மூன்றாம் மனிதர் என்றால் எதற்காகக் கேட்கிறோம் என்று பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போட வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடலாம் என்று சிலர் கிளம்புவார்கள். குஜராத் ஹைகோர்ட் சம்பந்தப்பட்ட வழக்கில் 2020 மார்ச் 4ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்த்துச் சொல்லிவிட்டது: கோர்ட்டுக் கட்டில் உள்ளதைக் கோர்ட்டு விதிப்படிதான் கேட்க வேண்டும். அமெரிக்காவில் கவுண்டி கோர்ட்டுக் கிளார்க்கிடம் யாரும் போய்ப் பெரும்பாலான கட்டுகளைக் காரணம் சொல்லாமலே பார்க்கலாம். நம்மிடமும் முடிந்துபோன பழைய சொத்து வழக்குகளுக்காவது அப்படி ஒரு வழி வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரிய குமாஸ்தா தஞ்சாவூர்க் காலத்து மனிதர். "தம்பி, கட்டு எங்கயும் ஓடிப் போகாது. நீ நம்பரக் கண்டுபிடி" என்பார். நம்பர் என்றால் ஓ.எஸ். நம்பரும் வருஷமும். ஓ.எஸ். என்பது அசல் வழக்கு, ஏ.எஸ். என்றால் அப்பீல், ஈ.பி. என்றால் நிறைவேற்று மனு. வழக்குப் பதிவேட்டில் அந்த நம்பருக்கு எதிரே தாக்கல் தேதி, வாதி, பிரதிவாதி, கேட்ட பரிகாரம், தீர்ப்பு, அப்பீல், நிறைவேற்றம் என்று ஒரு வழக்கின் ஜாதகமே இருக்கும். நம்பர் தெரியாதவர்களுக்கு அவர் காட்டிய வழி இன்றும் பலிக்கிறது. வீட்டில் இருக்கிற பத்திரங்களை எடுத்து, சொத்து எப்படிக் கைக்கு வந்தது என்று சொல்லும் பாராவைப் படியுங்கள். இன்ன கோர்ட்டு இன்ன நம்பர் டிகிரிப்படி பாத்தியப்பட்டது என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் வில்லங்கச் சான்று போடுங்கள். ஜப்தி, கோர்ட்டு ஏலம், பதிவான டிகிரி எல்லாம் அதில் தலைகாட்டும். அதிலும் இல்லையென்றால் அந்தக் காலத்து வக்கீலின் டைரி.

நகலை வாங்கியதும் எல்லோரும் கடைசிப் பக்கத் தீர்ப்பைப் பார்ப்பார்கள். நான் தேதிகளைப் பார்ப்பேன். நகல் கேட்ட நாள், ஸ்டாம்ப் கட்டச் சொன்ன நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள். அப்பீலுக்கு நாள் எண்ணும்போது நகல் பெற ஆன காலத்தைக் கழித்துவிட வேண்டும் என்று 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. அந்தத் தேதிகள் சரியாக இருந்ததால் நிலம் காப்பாற்றியவர்கள் எங்கள் கரையில் உண்டு. முன்னெல்லாம் நகலைக் கையால் எழுதுவார்கள், பிறகு டைப் அடித்தார்கள். ஒருவர் மூலத்தை வாசிக்க, இன்னொருவர் நகலில் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒரு சர்வே நம்பரில் ஒரு எண் மாறினால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வேலையை யாரும் பாராட்டியதாக எனக்கு நினைவில்லை. நான் பாராட்டுகிறேன்.

கடலோர ஊரில் நகல் என்பது நிலத்துக்கு மட்டும் இல்லை. கடலுக்குப் போனவர் திரும்பாமல், உடலும் கிடைக்காமல் போனால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு இறப்புச் சான்று கிடைப்பதில்லை. ஏழு வருஷம் யாரும் அவரைப் பற்றிக் கேள்விப்படவில்லை என்றால் இறந்தவராகக் கொள்ளலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, புதுச் சட்டத்தில் 111. அதை வைத்து வழக்குப் போட்டு டிகிரி வாங்கினால்தான் வாரிசுச் சான்று, பேங்க், பட்டா எல்லாம் நகரும். அப்படி டிகிரி வாங்கிய ஒரு அம்மா, 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் பெட்டியெல்லாம் நனைந்த பிறகு, மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "பாய், அவரு செத்துட்டாருன்னு எழுதுன காகிதமும் போச்சு. இனி நான் யாருகிட்டப் போயி நிரூபிக்க?" என்றார். நம்பரை அந்த வழக்கை நடத்திய வக்கீலின் டைரியில் பிடித்தோம். புது நகல் வந்தது. மூலம் கோர்ட்டில் பத்திரமாக இருந்ததால் அந்த அம்மா இன்னொரு வழக்கிலிருந்து தப்பித்தார்.

கட்டுக்குள் தீர்ப்பைவிட எனக்குப் பிடித்தவை சாட்சி வாக்குமூலமும் கமிஷனர் பிளானும். வாக்குமூலத்தில் வலை எங்கே காயப்போட்டார்கள், தோணி எங்கே ஏற்றினார்கள், எந்தப் பனைமரம் எல்லை என்று சொல்லியிருப்பார்கள். கோர்ட்டு அனுப்பிய கமிஷனர் வந்து அளந்து வரைந்த படத்தில் கிணறும் ஓடையும் நடைபாதையும் இருக்கும். வேறெந்தச் சர்க்கார் காகிதத்திலும் எங்கள் தெருக்கள் அவ்வளவு நெருக்கத்தில் இல்லை. 1909இல் சென்னையில் கட்டிய ஆவணக் காப்பகத்தில் சர்க்கார் கடிதங்கள் இருக்கின்றன. வலை பின்னிய பெண் சொன்ன சாட்சி கோர்ட்டுக் கட்டில்தான் இருக்கிறது.

ஆனால் அது நிரந்தரம் இல்லை. 1917ஆம் வருஷத்து ஆவண அழிப்புச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும், எதை எத்தனை காலம் வைக்க வேண்டும் என்று பிரித்திருக்கின்றன. தீர்ப்பும் டிகிரியும் நீண்ட காலம் நிற்கும். சம்மன், படிப்பணச் சீட்டு போன்றவை சீக்கிரம் போகும். நடுவில் இருக்கிற வாக்குமூலங்களும் ஒரு நாள் போய்விடும். இடம் போதாத கட்டடத்தில் எல்லாவற்றையும் காப்பது முடியாது என்பது எனக்குத் தெரியும். அழிப்பதற்கு முன் ஊர் வாரியாகப் பிரித்துப் படம் எடுத்து வைக்க முடியும், அதைச் செய்ய வேண்டும். கட்சிக்காரர்களுக்கும் ஒன்று சொல்வேன்: வழக்கு முடிந்து, அப்பீல் காலமும் கடந்த பிறகு, நீங்கள் தாக்கல் செய்த மூலப் பத்திரத்தைத் திரும்பக் கேட்டு மனுப் போடுங்கள். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் குறியீட்டு எண்ணோடு கட்டிலேயே கிடந்து அழிந்துபோன வீடுகள் உண்டு.

இப்போது 2007இல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டத்தால், ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு இலக்கச் சி.என்.ஆர். எண் கிடைத்திருக்கிறது. கட்சிக்காரர் பெயரைப் போட்டே போனில் தேடலாம். என் பேரன் நிமிஷத்தில் எடுத்துக் காட்டுகிறான். அதில் கிடைப்பது கம்ப்யூட்டர் வந்த பிறகு பதிவான வழக்கு. தஞ்சாவூர் ஜில்லாக் காலத்து வழக்குக்கு இன்றும் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும்.

எங்கள் ஊருக்கு இன்னொரு கோர்ட்டும் உண்டு, அது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இலங்கைக் கடற்படை பிடித்துப்போகிற எங்கள் விசைப்படகுகளும் ஆட்களும் பெரும்பாலும் போய் நிற்பது ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்தில். ஆட்களில் பலர் ஒத்திவைத்த தண்டனையோடு திரும்பி வந்துவிடுவார்கள். படகின் வழக்கு தனியாக நடக்கும். உரிமையாளர் குறித்த தவணையில் உரிமைக் காகிதத்தோடு அங்கே நிற்காவிட்டால் படகு இலங்கை அரசுக்குப் போய்விடும். பிறகு இங்கே மீன்வளத் துறையில் நிவாரணம் கேட்க, பாக்கி கட்ட முடியாததை பேங்குக்குக் காட்ட, அந்தக் கட்டளையின் நகல் உதவும். அங்குள்ள வழக்கேடு தமிழிலேயே இருக்கிறது, எங்கள் ஆட்கள் தாங்களே படித்துக்கொள்ளலாம். நகலைச் சட்டத்தரணி மூலமாகக் கேட்க வேண்டும். அதை நம் கோர்ட்டில் தாக்கல் செய்வதானால், அந்த நாட்டில் நகல் சான்றளிக்கும் முறை இதுதான் என்று இந்திய அரசின் பிரதிநிதி உறுதி சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அந்தக் காலத்தில் புதுக்கோட்டைக்குள் டிகிரி வாங்கிய எங்கள் வியாபாரி பட்ட பாடு, இப்போது எங்கள் படகுக்காரர்களுக்கு.

அதனால் கைது செய்தி வந்த வாரத்திலேயே படகின் பதிவெண், அங்குள்ள வழக்கு எண், அடுத்த தவணை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். துறைமுகத்துப் பையன்கள் எழுதுகிறார்கள். அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து, வீடு வீடாகக் கேட்டு, பழைய ஓ.எஸ். நம்பர்களையும் வருஷம், கோர்ட்டு, அப்போதைய ஜில்லா என்ற வரிசையில் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள்.