முந்நீர் வழக்கமும் மகளிர் கடல்கடப்பும்

தோற்றுவாய்

தொல்காப்பியர் அகத்திணையியலில் பிரிவின் வகைகளைக் கூறுமிடத்து, முந்நீர்ச் செலவு மகளிரொடு நிகழ்தல் இல்லை என்று விதித்துள்ளார். இளம்பூரணர் முந்நீர் என்பதற்குக் கடல் எனப் பொருள் கொண்டு, கலமேறிச் செல்லும் தலைவன் தலைவியை உடன்கொண்டு செல்லுதல் வழக்கன்று என்றார். நச்சினார்க்கினியரோ, ஓதல், தூது, பொருள் என்னும் மூன்று நீர்மையாற் செல்லும் செலவையே அச் சொல் குறித்தது என்று வேறு பொருள் கண்டார். உரைகள் வேறுபடினும், நம் பழைய கதைகள் இளம்பூரணர் கருத்திற்கு அரண் செய்கின்றன. மணிமேகலையில் சாதுவன் வங்கமேறிச் செல்கின்றான். ஆதிரை புகார் நகரிலேயே தங்குகின்றாள். கலம் கவிழ்ந்த செய்தி வந்தபோது அவள் தீப்புகத் துணிந்தாளேயன்றிக் கடல் கடந்து கணவனைத் தேடத் துணிந்திலள். உடன்போக்கும் பாலை நிலத்து வழியில் நிகழ்வதாகவே புலவர் பாடினர். கலத்தில் நிகழ்வதாகப் பாடும் மரபு எழவில்லை.

இவ் வழக்கம் கடந்த இரு நூற்றாண்டுகளில் முற்றிலும் மாறிவிட்டது. கணவன் வாழும் அயல்நாட்டிற்கு மனைவி செல்லுதல் இன்று தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் இயல்பான செய்தியாகும். ஆயினும், பழைய வழக்கம் விட்ட இடத்தை அரசுகளின் சட்டம் பற்றிக்கொண்டது. மனைவி கணவனைச் சென்றடையும் உரிமை எவ்வெக் காலத்தில் எவ்வெவற்றால் அளக்கப்பட்டது என்பதை ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கம். நேட்டாலில் தொடங்கும் இவ் வரலாறு, இலங்கை வழியே வந்து, திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் இன்றும் முடிவுறாமல் நிற்கின்றது.

மணத்தின் வழி வாராத கடல்கடப்பு

இம் மாவட்டத்துப் பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர். பதினேழாம் நூற்றாண்டில் அத் துறைமுகத்தின் வழியாகச் சோழமண்டலக் கரையின் ஆடவரும் மகளிரும் அடிமைகளாகப் பத்தேவியாவிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பஞ்சக் காலங்களில் இவ் வாணிகம் பெருகிற்று. ஆகவே, இக் கரையினின்று மகளிர் திரளாகக் கடல் கடந்த பழைய நிகழ்ச்சிகளுள் ஒன்று விற்பனையின் விளைவே எனலாம்; கணவனைத் தேடிய செலவு அதன்கண் இல்லை.

ஒப்பந்தக் கூலி முறை தோன்றியபோது நிலை சிறிது மாறிற்று. சென்னையினின்று புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் தர்பனை அடைந்தது. 1911இல் இம் முறை நிறுத்தப்படும்வரை நேட்டாலுக்குச் சென்ற ஏறத்தாழ 1,52,000 பேருள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றோர். வட ஆர்க்காடும், இன்றைய திருவள்ளூர்ப் பகுதியை அக்காலத்தில் தன்னகத்தே கொண்டிருந்த செங்கற்பட்டும் அவர்களை அனுப்பிய மாவட்டங்களுள் அடங்கும். நூறு ஆடவருக்கு நாற்பது மகளிர் செல்லுதல் வேண்டும் என்பது அரசு விதி. அவ் விதிக்கு வேண்டப்பட்டது மகளிரின் எண்ணிக்கையே. மனைவியாகச் சென்றவளும் தனியே சென்றவளும் அக் கணக்கில் ஒன்றாகவே எண்ணப்பட்டனர்.

சடங்கு என்னும் அளவுகோல்

மனைவியின் உரிமை நேரடியாக வழக்கு மன்றத்திற்கு வந்தது 1913இல். பாய் மரியம் என்னும் இசுலாமியப் பெண்மணி இந்தியாவினின்று தென்னாப்பிரிக்காவிலிருந்த தம் கணவரை அடையச் சென்றார். கரையிறங்க இசைவு மறுக்கப்பட்டார். கேப் உயர்நீதிமன்றத்து நடுவர் சியர்ல் 1913 மார்ச்சு 14ஆம் நாள் அளித்த தீர்ப்பு அம் மறுப்பை உறுதி செய்தது. பலதார மணத்தை ஏற்கும் சமயங்களின் முறைப்படி நடந்த திருமணம் அந் நாட்டுச் சட்டத்தின்முன் திருமணமாகாது என்பது தீர்ப்பின் சாரம். இதனால் தாலி கட்டி மணந்த மனைவியரும் நிக்காகு செய்துகொண்ட மனைவியரும் ஒரே நாளில் சட்டத்தின் பார்வையில் மனைவியர் அல்லராயினர். அவர்தம் மக்கள் தந்தையின் உடைமைக்கு உரியரா என்பதும் ஐயத்திற்கு இடமாயிற்று.

காந்தியடிகள் நடத்திய அறப்போரில் மகளிர் சிறை புகுந்தமைக்கு இத் தீர்ப்பு உடனடிக் காரணம் ஆகும். திரான்சுவாலினின்று சென்ற மகளிருள் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் 1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று, மூன்று பவுன் வரியை எதிர்த்து வேலையை நிறுத்துமாறு வேண்டினர். பின்னர்க் கடுஞ்சிறைத் தண்டனை பெற்றனர். சிறையில் நோயுற்று வெளிவந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22ஆம் நாள் உயிர்நீத்தார். தில்லையாடியின் பெயரோடு இணைத்து நாம் போற்றும் இவ் வீராங்கனை, திருமணமாகாத இளநங்கை என்பது எண்ணத்தக்கது. தமக்கு இன்னும் வாராத உரிமைக்காக, வந்தோர் சார்பில் அவர் சிறை சென்றார்.

1914ஆம் ஆண்டின் இந்தியர் துயர்நீக்கச் சட்டம் மூன்று பவுன் வரியை ஒழித்தது. ஒரு கணவனுக்கு ஒரு மனைவி என்னும் வரையறைக்குள் இந்தியர் திருமணங்களை ஏற்றது. மனைவியும் இளம் மக்களும் குடும்பத் தலைவனிடம் செல்லும் வழி திறந்தது. அவ் வழி நிலைக்கவில்லை. நிறவேற்றுமை அரசு 1953இல் இயற்றிய குடிவரவுத் திருத்தச் சட்டம் இந்தியாவில் மணந்த மனைவியரின் வருகையைத் தடை செய்தது. போராடிப் பெற்ற உரிமை நாற்பது ஆண்டுகளுக்குள் பறிக்கப்பட்டது.

தொடர்வாழ்வு என்னும் அளவுகோல்

இலங்கைக்குச் சென்ற மலையகத் தமிழர் வரலாறு வேறு வகையினது. கங்காணி முறையில் ஆட்கள் குடும்பமாகச் சென்றனர். தேயிலைக் கொழுந்து கொய்தலில் மகளிர் உழைப்பே மிகுதியும் பயன்பட்டமையின், தோட்டத் துரைமார் பெண்கள் வருதலை விரும்பினர். இரு கரைகளுக்குமிடையே மகளிர் பேறுகாலத்திற்கும் திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் சென்று மீண்டனர். மண்டபம் முகாமில் தங்கி நோய்த்தடைச் சோதனைக்கு உட்படுதலே அவர்தம் பெரிய இடையூறாக இருந்தது.

விடுதலைக்குப் பின் இவ் வரவும் செலவுமே குற்றமாயின. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரைப் புறத்தே நிறுத்தியது. 1949இல் இயற்றப்பட்ட இந்திய பாக்கித்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் பதிவு செய்துகொள்ள வழி வைத்தது. ஆயினும், மணமான ஆடவன் தன் வாழ்வோடு தன் மனைவியின் தொடர்வாழ்வையும் மெய்ப்பித்தல் வேண்டும் என்று அது விதித்தது. தாய்வீட்டிற்குச் சென்று நெடுநாள் தங்கிய மனைவியின் செயல் கணவனின் குடியுரிமைக்கு இடையூறாயிற்று. எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ சாத்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ள வகை செய்தது. இந்தியா 5,25,000 பேரையும் இலங்கை 3,00,000 பேரையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இவ் வொப்பந்தத்தின் அலகு தலையெண்ணிக்கை. பருவமெய்திய மக்கள் தனித்தனியே விண்ணப்பித்தமையின், ஒரே இல்லத்தில் பெற்றோர் ஒரு நாட்டவராகவும் பிள்ளைகள் மற்றொரு நாட்டவராகவும் ஆயினர். மணமான பெண் கணவனின் பட்டியலைப் பின்பற்றிக் கப்பலேறினாள். பிறந்த வீட்டார் தலைமன்னாரில் நின்று வழியனுப்பினர். கணவனோடு செல்லுதலும் பெற்றோரை நிலையாகப் பிரிதலும் ஒரே செயலாக அமைந்தன.

பிறப்பு என்னும் அளவுகோல்

1983 சூலையில் நிகழ்ந்த இனக்கொலைக்குப் பின் இலங்கைத் தமிழர் திரள்திரளாக இராமேசுவரக் கரையை அடைந்தனர். மலையகத் தமிழர் பலரும் அவருள் இருந்தனர். அவர்கள் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலும் முகாம்களில் வைக்கப்பட்டனர். கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் உள்ள முகாம்கள் குறிப்பிடத்தக்கன. 2021இல் தமிழ்நாட்டு அரசு இவற்றை மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றி, புதிய வீடுகள் கட்டித் தரும் பணியையும் மேற்கொண்டது.

கும்மிடிப்பூண்டியின் இருப்பிடம் ஆராய்ச்சிக்குரியது. கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிச் சிப்காட் தொழிற்பேட்டை பரந்துள்ளது. ஒடிசா, பீகார் முதலிய மாநிலத்துத் தொழிலாளர் அங்கு வந்து உழைக்கின்றனர். அவர்தம் மனைவியர் விரும்பின் தொடர்வண்டியில் ஏறி வந்து சேரலாம். எவரிடமும் இசைவு பெற வேண்டுவதில்லை. அப் பேட்டையின் அருகே, வண்ணம் பூசும் தொழிலும் நாட்கூலி வேலையும் செய்து வாழும் முகாம் மக்கள், தமிழ் பேசும் நாட்டில் தமிழராய் இருந்தும், ஒரு திருமணத்தின் பொருட்டுப் பல அலுவலகங்களின் வாயிலில் நிற்கின்றனர்.

கனடாவிலோ ஐரோப்பாவிலோ குடியுரிமை பெற்ற உறவினர் வழியாக இம் முகாம்ப் பெண்ணுக்கு மணம் பேசப்படுகின்றது எனக் கொள்வோம். கணவனின் நாடு திருமணப் பதிவுச் சான்றையும் கடவுச்சீட்டையும் கேட்கும். திருமணப் பதிவு தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாயிற்று. அதனைப் பெற முடியும். கடவுச்சீட்டோ எளிதன்று. அவள் 1987 சூலை 1ஆம் நாளிலோ அதன் பின்னோ இலங்கைப் பெற்றோர்க்கு முகாமிலேயே பிறந்தவளாயின் இந்தியக் கடவுச்சீட்டு இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டிற்கு அந் நாட்டுத் துணைத் தூதரகத்தின் வழியே பிறப்பையும் குடியுரிமையையும் நிலைநாட்டுதல் வேண்டும். பெற்றோரின் பிறப்புச் சான்று போரில் அழிந்திருப்பின் அத் தொடக்கமே தடைப்படும். அனைத்தும் கைகூடினும் இந்தியாவினின்று வெளியேறுதற்கு இசைவு வேண்டும்.

அயல்நாடு செல்லாது தமிழ்நாட்டவரையே மணந்தோர் நிலையும் இதனினும் எளிதன்று. 1955ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டம் இந்தியக் குடிமகனை மணந்த பெண்ணைப் பதிவின் வழியே குடிமகளாக்கியது. 1986ஆம் ஆண்டுத் திருத்தம் அவ் வுரிமையை மணந்த ஆடவருக்கும் விரித்து, ஐந்தாண்டு வாழ்வை வேண்டியது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ஏழாண்டாக்கியதோடு, சட்டத்திற்குப் புறம்பாகக் குடியேறியோர் பதிவு பெறலாகாது என்றும் விதித்தது. உரிய ஆவணமின்றிப் படகேறி வந்த ஏதிலியர் அவ் வகையில் அடக்கப்படுதலின், இந்தியரை மணந்து முப்பது ஆண்டு வாழ்ந்தோரும் இவ் விதியைக் கடத்தல் அரிது. 2004 திசம்பர் 3ஆம் நாள் முதல், பெற்றோருள் ஒருவர் இந்தியராயினும் மற்றவர் இவ் வகையினராயின், அவர்க்கு இங்குப் பிறக்கும் குழந்தையும் பிறப்பால் இந்தியக் குடியாவதில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இலங்கையைத் தன் எல்லையுள் சேர்க்கவில்லை. 2015 சனவரி 9ஆம் நாள்வரை தஞ்சம் புகுந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு, நுழைவிசைவு பற்றிய தண்டனை விதிகளினின்று 2025இல் மைய அரசு விலக்கியது. அது தண்டனையினின்று காக்குமேயன்றிக் குடியுரிமை வழங்குவதன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கணவனிடம் செல்லும் மனைவியின் உரிமை நேட்டாலில் எண்ணிக்கையாலும், கேப்பில் சடங்காலும், இலங்கையில் தொடர்வாழ்வாலும், கும்மிடிப்பூண்டியில் பிறப்பாலும் அளக்கப்பட்டமை புலனாகும். அளவுகோல் மாறிய ஒவ்வொரு முறையும், முந்தியதற்கு ஏற்ப வாழ்ந்திருந்த பெண் பிந்தியதன்முன் சான்றற்றவளானாள். இந்தியாவில் மணம் முடித்த நேட்டால் மனைவியும், தாய்வீடு சென்று மீண்ட மலையகத் தாயும், முகாமில் பிறந்த மணமகளும் இவ் வகையில் ஒரே வரிசையினர். அவர் எவரும் சட்டத்தை மீற எண்ணியவர் அல்லர்.

இத் துறையில் தமிழாய்வாளர் ஆற்ற வேண்டிய பணி ஒன்று உண்டு. உடன்போக்கு பற்றியும் பொருள்வயிற் பிரிவு பற்றியும் நாம் எழுதிய ஆய்வுகள் மிகப் பல. 1983க்குப் பின் கடல் கடந்த தலைமுறையின் மகளிர் இன்று முதுமை எய்திவிட்டனர். எந்தக் கரையில் மணம் நடந்தது, எவர் சான்று பகர்ந்தனர், எந்த ஆவணம் எப்போது இழக்கப்பட்டது என்பன அவர்தம் நினைவிலேயே உள்ளன. அவர் கூற்றுகளையும், பிரிவு குறித்து அவர் பாடும் தாலாட்டு, ஒப்பாரிகளையும் முறையாகத் தொகுத்தல் வேண்டும். அத் தொகுப்பு அகப்பொருள் ஆராய்ச்சிக்குப் புதிய இயலாக அமையும். அதனோடு, தம் பெற்றோர் மணந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்க இயலாது நிற்கும் பேத்தி ஒருத்திக்கு என்றேனும் ஒரு சான்றாகவும் அது உதவக்கூடும்.