கடலைக்குள் ஒளிந்த நஞ்சு: ஒரு சிறு வரலாறு

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி, சேடபட்டி பக்கத்து மானாவாரி நிலங்களில் ஆடியில் விதைத்த நிலக்கடலை ஐப்பசி வாக்கில் பறிப்புக்கு வரும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வரும். பறித்த கடலை காய்வதற்குள் மழையில் நனைந்தால் ஒரு பச்சைப் பூசணத்துக்குக் கொண்டாட்டம். அது உண்டாக்கும் நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்சின். கல்லீரலைத் தாக்கும், நாட்பட உண்டால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். வறுத்தாலும் அவித்தாலும் முழுதாக அழியாது.

வான்கோழிகள் தந்த எச்சரிக்கை

1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் புரியாமல் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றார்கள். கடைசியில் மாட்டிக்கொண்டது தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கு. அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணத்தின் பெயரைச் சுருக்கி நஞ்சுக்குப் பெயர் வைத்தார்கள்.

இந்தியாவுக்கு இது பெரிய தர்மசங்கடம். மைசூரில் 1950ல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், புரதக் குறைவைப் போக்க நிலக்கடலை மாவு முக்கால் பங்கும் கொண்டைக்கடலை மாவு கால் பங்கும் கலந்து ‘பலநோக்கு உணவு’ செய்திருந்தது. புரதம் தரும் பொருளே நஞ்சும் தந்தால் என்ன செய்வது? 1966ல் ஐ.நா. அமைப்புகளின் புரத ஆலோசனைக் குழு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் என வரம்பு வைத்தது. பசியையும் நஞ்சையும் எடைபோட்டு வைத்த எண் அது.

மனித உயிர்கள்

1974 அக்டோபரில் பருவம் தவறிய மழை குஜராத், ராஜஸ்தான் பழங்குடி கிராமங்களில் மக்காச்சோளத்தை நனைத்தது. பூசணம் பிடித்தது தெரிந்தும் வேறு உணவில்லாமல் மக்கள் அதையே உண்டார்கள். மஞ்சள் காமாலை பரவியது. அதே உணவைத் தின்ற நாய்களும் செத்தன. ஆராயப்பட்ட 397 நோயாளிகளில் 106 பேர் இறந்துபோனார்கள்.

ஆலையிலா, வயலிலா?

எண்ணெயைக் காரம் சேர்த்துச் சுத்திகரித்தால் நஞ்சு நீங்கும். வெயிலில் வைத்தாலும் குறையும் என மைசூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் நஞ்சில் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கிவிடும். பிண்ணாக்கு மாட்டுக்குப் போகும், மாட்டிலிருந்து பாலுக்கு வரும்.

எனவே ஆய்வாளர்களின் பார்வை வயலுக்குத் திரும்பியது. அவர்கள் சொன்னவை எளியவை. காய் முற்றும் நேரத்து வறட்சியில் ஒரு தண்ணீராவது விட வேண்டும். பூப்பருவத்துக்குப் பின் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தால் ஓடு உறுதியாகும். களைக்கொத்து காயில் படக்கூடாது. பறித்ததும் காயவைத்து ஈரத்தை 8 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். சொத்தை, சுருங்கல், நிறம் மாறியதைப் பொறுக்கி எறிய வேண்டும். உடைக்கும்போது காய்மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம்தான் மிக ஆபத்தானது. காயவைத்த உழைப்பையெல்லாம் அது வீணாக்கிவிடும்.

இன்னும் தீராத கணக்கு

நேரடியாக உண்ணும் கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 4 மைக்ரோகிராம், இந்தியாவில் 10. ஏற்றுமதிக் கடலைக்குச் சோதனை உண்டு. தேறாதது எங்கே போகும்? பெரும்பாலும் உள்ளூர்ச் சந்தைக்கும் செக்குக்கும்தான். பொறுக்கி எறிந்த சொத்தைக்கும் ஒரு விலை கிடைக்கும்வரை அது ஏதோ ஒரு ஏழையின் தட்டுக்கே வந்து சேரும். 1974 சொன்ன பாடமும் அதுவே.