வரைகலை வடிவமைப்பு: தொடக்கநிலைக் கல்வி

வரைகலை வடிவமைப்பு என்பது எழுத்து, படம், நிறம், வெற்றிடம் ஆகியவற்றை ஒரு பரப்பில் ஒழுங்குபடுத்திச் செய்தியைச் சேர்ப்பிக்கும் தொழில். பேச்சு வழக்கில் ‘டிசைனிங்’. புத்தக அட்டை, மருந்து உறை, பேருந்தின் பெயர்ப்பலகை, கைப்பேசிச் செயலியின் திரை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் இதன் எல்லைக்குள் வரும். இதை ஓவியத்தோடு குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஓவியர் தமக்குத் தோன்றியதை வரையலாம். டிசைனருக்கு முன்னால் வேலை கொடுத்தவர், படிக்கப்போகிறவர் என இரண்டு பேர் எப்போதும் நிற்கிறார்கள். கைக்கு ஓவியம் வராதவர்கள்கூட இந்தத் தொழிலில் சோபிப்பதற்குக் காரணம் இதுதான்.

இத்தொழிலின் ஆங்கிலப் பெயரான ‘கிராஃபிக் டிசைன்’ என்பதைப் பரவச் செய்தவராக அமெரிக்கப் புத்தக வடிவமைப்பாளர் வில்லியம் அடிசன் டிவிக்கின்ஸ் குறிப்பிடப்படுகிறார். அந்தப் பெயரைக் கையாண்ட அவருடைய கட்டுரை 1922இல் வெளிவந்தது. வேலை மட்டும் அச்சு தோன்றிய நாளிலிருந்தே நடந்துவந்தது. அச்சகத்து ஃபோர்மன் எழுத்தைக் கோத்து, தலைப்பைப் பெரிதாக்கி, ஓரத்தில் பூக்கோடு வைத்தார்.

பாடத்திட்டத்தின் தோற்றம்

இன்றைய தொடக்கப் பாடங்களில் பெரும்பகுதி ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியிலிருந்து வந்தது. வால்டர் குரோப்பியஸ் 1919இல் வைமர் நகரில் தொடங்கிய இப்பள்ளியில், எந்தத் தொழிலைக் கற்க வந்தவரும் முதலில் ஒரு முன்படிப்பை முடிக்க வேண்டும். அதை உருவாக்கியவர் யோஹானஸ் இட்டன். சொரசொரப்பும் வழவழப்பும், கருப்பும் வெள்ளையும், பெரிதும் சிறிதும் என முரண்களைக் கண்ணாலும் கையாலும் உணர்வதே அதன் சாரம். 1923இல் இட்டன் விலகியபின் லாஸ்லோ மொஹோலி-நாகியும் யோசப் ஆல்பெர்ஸும் அதை நடத்தினார்கள். ஆல்பெர்ஸ் வகுப்பில் காகிதத்தைக் கொடுத்து, துண்டு வீணாகாமல் ஏதாவது செய்யச் சொல்வார். மடிக்கிறவருக்குத்தான் காகிதத்தின் குணம் தெரியும் என்பது அவர் கணக்கு.

நாஜிகளின் நெருக்கடியில் 1933இல் பள்ளி மூடப்பட்டது. ஆசிரியர்கள் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளுக்குச் சிதறினார்கள். பாடமும் அவர்களோடு போனது. சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1961இல் அகமதாபாத்தில் எழுந்த தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் அடித்தளப் படிப்பிலும் அந்த மரபின் சுவடு உண்டு.

கண் சேர்த்துப் பார்க்கும் விதம்

மாக்ஸ் வெர்த்தைமர் என்ற உளவியலாளர் 1923இல் எழுதிய ஆய்வுரை, கண் சிதறிய புள்ளிகளை எப்படிக் கூட்டமாகப் பார்க்கிறது என்பதை விளக்கியது. அருகருகே இருப்பவை ஒரு குழு. ஒரே நிறத்தில், ஒரே வடிவத்தில் இருப்பவை ஒரு குழு. ஒரே திசையில் செல்பவை ஒரு கோடு. தொடக்க மாணவருக்கு இதில் முதல் விதியே பாதிப் படிப்பு.

கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளலாம். மேலே பிள்ளையார் சுழி, பிறகு அழைப்பவர்களின் பெயர்கள், தாத்தா பாட்டி பெயர்கள், மணமக்கள், முகூர்த்த நேரம், மண்டபம், கீழே ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ சுற்றமும் நட்பும். வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த வரிசை மாறக்கூடாது. விருந்தினர் கண் தேடுவதோ மூன்றைத்தான்: யாருக்கு, எப்போது, எங்கே. வரிசையைக் கெடுக்காமல் அந்த மூன்றையும் எழுப்பிக் காட்டுவதே டிசைனரின் வேலை. தேதியும் மண்டபமும் ஒட்டி நிற்க வேண்டும். சுற்றத்தார் பெயர்களுக்கும் அவற்றுக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும். தொடங்குபவர் ஒரே எழுத்துருவை, ஒரே அளவில், ஒரே நிறத்தில் வைத்துக்கொண்டு இடைவெளியை மட்டும் மாற்றி இதைச் செய்துபார்க்கலாம். அடுத்த முறை தடித்த எழுத்துக்கு அனுமதி. அதற்கடுத்த முறை இரண்டாவது அளவு. தங்க நிறமும் மயிலிறகும் கடைசியில் வந்தால் போதும். பெரும்பாலும் அவை வராமலே பத்திரிகை நன்றாக அமைந்துவிடும்.

எதை விடுவது என்பதற்குப் பாடமாகக் காட்டப்படுவது லண்டன் சுரங்க ரயில் வரைபடம். ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931இல் வரைந்த மாதிரி முதலில் மறுக்கப்பட்டு, 1933இல் சட்டைப்பையில் வைக்கும் மடிப்புத்தாளாக வெளிவந்தது. நிலையங்களுக்கு இடையிலான உண்மைத் தொலைவை அவர் கைவிட்டார். கோடுகள் படுக்கையாகவோ செங்குத்தாகவோ 45 பாகைச் சாய்விலோ மட்டும் ஓடின. மேலுள்ள நகரத்தில் மிஞ்சியது தேம்ஸ் ஆறு ஒன்றுதான். சுரங்கத்துக்குள் போகிறவருக்கு எத்தனை மைல் என்பதில் அக்கறை இல்லை, எங்கே மாறி ஏற வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

எழுத்து

இத்தொழிலின் மூலப்பொருள் படமன்று, எழுத்து. தமிழில் கற்பவர் இங்கே கொஞ்சம் விழிப்பாக இருக்க வேண்டும். ஏனென்றால் பாடநூல்கள் சொல்லும் விதிகள் ரோமன் எழுத்தை வைத்து எழுதப்பட்டவை. முக்கியமானதைப் பெரிய எழுத்தில் எழுது என்கிறது ஆங்கிலப் பாடம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லை. சாய்வெழுத்தால் அழுத்தம் கொடு என்கிறது. ரோமனில் சாய்வெழுத்து கையெழுத்திலிருந்து தனி மரபாக வளர்ந்தது, தமிழில் அது நேரெழுத்தை எந்திரம் தள்ளிச் சாய்த்ததாகவே பெரும்பாலும் இருக்கிறது. ஆகவே தமிழில் படிநிலையைக் காட்டத் தடிப்பு, அளவு, நிறம், இடைவெளி ஆகியவற்றைத்தான் நம்ப வேண்டும்.

வரியிடைவெளியும் அப்படியே. வடிவமைப்பு மென்பொருள்கள் வழக்கமாக எழுத்தளவில் 120 சதவீதத்தைத் தாமாகவே வைக்கும். தமிழில் மேலே புள்ளியும் கி, கீ போன்றவற்றின் மேல்விலங்குகளும், கீழே கு, மூ, ழு போன்றவற்றின் வால்களும் உண்டு. அந்த இடைவெளியில் மேல்வரியின் வால் கீழ்வரியின் மேல்விலங்கோடு முட்டிக்கொள்ளும். 140 சதவீதம் வரை ஏற்றிப் பார்த்துக் கண்ணுக்கு ஒப்பியதை வைத்துக்கொள்ளலாம். அடுத்த சிக்கல் சொல்லின் நீளம். ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்காக’ என்ற ஒரே சொல் குறுகிய பத்தியின் ஒரு வரியை விழுங்கிவிடும். இருபுறமும் நேராக்கினால் மற்ற வரிகளில் ஓட்டை விழும். குறுகிய பத்தியில் இடப்பக்கம் மட்டும் நேராக்குவதே நல்லது.

கணினியில் இன்னொரு தொல்லை உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பு க-வுக்கு முன்னும் கால் பின்னும் நிற்கும். இந்திய மொழிகளைச் சேர்க்கத் தெரியாத மென்பொருள் அமைப்பில் இவை இடம் மாறிச் சிதறும். இன்டிசைனில் பத்தி அமைப்பியைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றினால் சரியாகிவிடும். இது தெரியாமல்தான் பல பதாகைகளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் எனத் தொங்குகிறது. யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்கள் டிடிபி கடைகளில் இன்னும் புழங்குகின்றன. அவற்றில் அடித்ததை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் ரோமன் குப்பையாகத் தெரியும். புதிதாகத் தொடங்குபவர் யூனிகோடிலேயே தொடங்குவது மேல். நோட்டோ சான்ஸ் தமிழ், பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை முதலியவை இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு வேலைக்கு இரண்டு எழுத்துருக்களுக்கு மேல் வேண்டியதில்லை.

தமிழெழுத்தைக் கையால் வரைந்து தலைப்பாக்கிய மரபு தனியே உண்டு. ஓவியர் கே.எம். ஆதிமூலம் இதழ்களுக்கும் நூல்களுக்கும் எழுதிய தலைப்பெழுத்துகள் அதில் தலையாயவை. 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தின் நூல்கள், ஓரமும் வரியும் வெற்றிடமும் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் கையில் வைத்துப் படிக்கத்தக்க பாடம். அளவுகோலை வைத்து அவற்றின் ஓரங்களை அளந்து எழுதிக்கொள்வது நல்ல பயிற்சி.

நிறம்

நிறச் சக்கரத்தை மனப்பாடம் செய்வதைவிட ஆல்பெர்ஸின் சோதனையைச் செய்துபார்ப்பது பயன் தரும். ஒரே சாம்பல் காகிதத்தில் இரண்டு சிறு சதுரங்களை வெட்டி, ஒன்றைக் கருப்பின் மேலும் மற்றதை வெள்ளையின் மேலும் ஒட்ட வேண்டும். கருப்பின் மேல் உள்ளது வெளுத்தும் வெள்ளையின் மேல் உள்ளது கறுத்தும் தெரியும். நிறம் பக்கத்தில் இருப்பதைப் பொறுத்து மாறும் என்பதை இப்படி ஒரு நூலாகவே 1963இல் அவர் வெளியிட்டார். சிவப்பின் மேல் நீல எழுத்து ஏன் கண்ணைக் கூசச்செய்கிறது என்பது இதன் தொடர்ச்சி: நிறம் வேறானாலும் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றானால் எழுத்தின் விளிம்பு ஆடும். திரைக்கான அணுகல் நெறிமுறைகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கின்றன.

கருவிகள்

எந்த மென்பொருளைக் கற்பது என்ற கேள்வியை மாணவர்கள் முதலில் கேட்கிறார்கள். கடைசியில் கேட்க வேண்டியது அது. புகைப்படத்துக்கு ஃபோட்டோஷாப் அல்லது இலவசமான கிம்ப். கோட்டு வடிவங்களுக்கும் சின்னங்களுக்கும் இல்லஸ்ட்ரேட்டர் அல்லது இங்க்ஸ்கேப். பல பக்க நூலுக்கு இன்டிசைன் அல்லது ஸ்கிரைபஸ். தமிழ்நாட்டு ஃப்ளெக்ஸ் கடைகளில் வேலைக்குப் போகிறவருக்குக் கோரல்டிரா தெரிந்திருக்க வேண்டும். கேன்வாவில் வார்ப்புரு எடுத்துப் பெயரை மாற்றுவது அவசரத்துக்கு உதவும், ஆனால் இடைவெளியைப் பற்றி எதுவும் கற்றுத்தராது.

அச்சுக்கு அனுப்புதல்

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறத்தை உண்டாக்குகிறது. அச்சு சயான், மஜந்தா, மஞ்சள், கருப்பு மைகளால். திரையில் பளிச்சென்ற நீலமும் பச்சையும் காகிதத்தில் மங்குவது இதனால்தான். சிவகாசி ஆஃப்செட் அச்சகங்களுக்குக் கோப்பு அனுப்புகிறவர்கள் சில கணக்குகளை மனத்தில் வைத்திருப்பார்கள். படம் அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 210 × 297 மில்லிமீட்டர் ஏ4 தாள் முழுவதும் நிரம்ப 2480 × 3508 புள்ளி. வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த குடும்பப் படம் அதற்குப் போதாது. தாளின் ஓரம் வரை நிறம் வந்தால் ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும், இல்லாவிட்டால் வெட்டும்போது வெள்ளைக் கீற்று தெரியும். சிறிய எழுத்துக்குக் கருப்பு மை ஒன்றே போதும். நான்கு மைகளும் கலந்த கருப்பில் தகடு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு நிறநிழல் விழும்.

கோப்பு கிளம்புமுன் அதைச் சாதாரணத் தாளில் உண்மை அளவில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி நான்கடி தள்ளி நின்று பார்ப்பார்கள். திரையில் தெரியாத நெருக்கடி அப்போது தெரியும். பிறகு இந்த வேலையில் கை வைக்காத ஒருவரிடம் கொடுத்து நாள், கிழமை, தொலைபேசி எண், பெயரின் இனிஷியல் ஆகியவற்றை விரல் வைத்துப் படிக்கச் சொல்வார்கள். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று நாட்காட்டியைப் பார்ப்பது கடைசி வேலை.