இளையோர் கொலை மர்ம நாவல்

பதின்பருவத்தினருக்காக எழுதப்படும் துப்பறியும் புனைகதை வகை. கொலை ஒன்றின் உண்மையை அதே வயதுடைய பாத்திரம் தேடிக் கண்டறிவது இதன் அடிப்படை. காவல்துறையின் அதிகாரமோ பெரியவர்களின் செல்வாக்கோ இல்லாத ஒருவர், ஊரார் நம்பிவிட்ட முடிவை ஏற்க மறுத்துக் கேள்வி கேட்பதே இவ்வகையின் உயிர்நாடி.

தோற்றம்

அமெரிக்காவில் எட்வர்ட் ஸ்ட்ராட்மையரின் நிறுவனம் 1927இல் ஹார்டி பாய்ஸ் வரிசையையும் 1930இல் நான்சி டுரூ வரிசையையும் தொடங்கியது. கரோலின் கீன் என்ற பொதுப் புனைபெயரில் நான்சியின் தொடக்கக் கதைகளை எழுதியவர் மில்ட்ரெட் வர்ட் பென்சன். ஜெர்மனியில் 1929இல் வெளியான எரிக் கெஸ்ட்னரின் 'எமிலும் துப்பறிவாளர்களும்' நாவலில், ரயிலில் பணத்தைப் பறிகொடுத்த சிறுவனுக்காக பெர்லின் சிறுவர்கள் திரண்டு திருடனை மடக்குகிறார்கள். இந்தத் தொடக்கக் கதைகளில் தேடப்பட்டவை களவுபோன பணம், மறைந்த உயில் போன்றவையே.

கொலையின் வருகை

எஸ். இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' (1967) பதின்பருவ வாழ்வின் வன்முறையை மறைக்காமல் காட்டி, இளையோர் இலக்கியத்தின் எல்லையை விரித்தது. அடுத்து லோயிஸ் டங்கன் குற்றத்தை இளையோரின் மனச்சாட்சிக்குள்ளேயே கொண்டுவந்தார். அவருடைய 'ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்' (1973) நாவலில், சிறுவன் ஒருவன்மீது கார் மோதியதை நால்வர் மறைக்கிறார்கள். 'கில்லிங் மிஸ்டர் கிரிஃபின்' (1978) நாவலில், ஆசிரியரை மிரட்டுவதற்காக மாணவர்கள் கடத்திச் செல்ல, அவர் இறந்துபோகிறார். எலன் ராஸ்கினின் 'தி வெஸ்டிங் கேம்' (1978) புதிர்க்கதையாகவே சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்றது. மர்ம இலக்கியத்துக்கான எட்கர் விருதுகளில் இளையோர் நாவலுக்கென 1989இல் தனிப்பிரிவு ஏற்பட்டது.

அண்மைக்காலம்

கேரன் மெக்மானஸின் 'ஒன் ஆஃப் அஸ் இஸ் லையிங்' (2017) நாவலில், பள்ளியில் தண்டனை வகுப்புக்கு வந்த ஐவரில் ஒருவன் இறக்கிறான். சந்தேகத்துக்குள்ளான மற்ற நால்வரும் மாறிமாறிக் கதை சொல்கிறார்கள். ஹோலி ஜாக்சனின் 'எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்' (2019) நாவலில், ஐந்தாண்டுகளுக்கு முன் முடிக்கப்பட்ட வழக்கைப் பிப் என்ற மாணவி பள்ளி ஆய்வுத் திட்டமாக எடுத்துக்கொள்கிறாள். கொலையாளி என ஊர் முத்திரை குத்திய சால் சிங் குற்றமற்றவன் என்பது அவளது நம்பிக்கை. நேர்காணல் பதிவுகளும் குறிப்புகளும் பக்கங்களிலேயே இடம்பெறுவதால் வாசகரும் விசாரணையில் பங்கேற்கிறார்.

ஈர்ப்பின் காரணங்கள்

புதிரை அவிழ்க்கும் மகிழ்ச்சி எல்லா மர்மக் கதைகளுக்கும் பொது. ஆனால் இளையோர் நாவலில் சந்தேகப்பட வேண்டியவர்கள் நண்பர், ஆசிரியர், பெற்றோர் ஆகியோரே. யாரை நம்புவது என்று தானே தீர்மானிக்கத் தொடங்கும் வயதில் இந்தத் தேடல் ஆழமாகத் தைக்கிறது. அச்சத்தையும் மரணத்தையும் பாதுகாப்பான தொலைவிலிருந்து எண்ணிப் பார்க்கவும் இது வழிசெய்கிறது. நீதி பற்றிய கேள்வியும் ஓர் ஈர்ப்பு: ஆஞ்சலின் போலியின் 'ஃபயர்கீப்பர்ஸ் டாட்டர்' (2021), ஓஜிப்வே பழங்குடிச் சமூகத்தில் நிகழும் கொலையினூடே, பூர்வகுடிப் பெண்களுக்கு மறுக்கப்படும் நீதியைப் பேசி, இளையோர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருது பெற்றது. கொலையாளி யார் என்ற கேள்வியோடு, பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைத்ததா என்பதையும் கேட்கும் பொறுப்பை இவ்வகை இளம் வாசகரிடம் நம்பி ஒப்படைக்கிறது.