காற்றிலே வந்த படை

1954ஆம் ஆண்டு மே முதல் நாள். மத்திய அமெரிக்காவிலே உள்ள சிறு குடியரசாம் குவாத்தமாலாவிலே, தொழிலாளர் திருநாள் விடுமுறையென்று வீட்டிலிருந்தோர் வானொலிப் பெட்டியைத் திருப்பினர். புதுக்குரல் ஒன்று கேட்டது. ‘விடுதலைக் குரல்’ என்று பெயர் கூறிக்கொண்டது. நாட்டின் அடர்காட்டுக்குள்ளே மறைந்திருந்து பேசுகிறோம் என்றது. ஆர்பென்ஸ் ஆட்சியின் நாட்கள் எண்ணப்படுகின்றன என்று அச்சமூட்டிற்று.

காடும் இல்லை, காட்டிலே மறைந்தாரும் இல்லை! பேச்சைப் பதிவு செய்த இடம் அமெரிக்காவின் மியாமி நகரம். ஒலிபரப்பிய இடம் நிகராகுவா. பேசியோருக்குப் படியளந்தது சி.ஐ.ஏ. எனும் அமெரிக்க உளவுத்துறை.

அந்த ஆட்சி செய்த குற்றம்தான் என்ன? யூபிகோ எனும் சர்வாதிகாரியின் காலத்திலே, நிலமற்ற ஏழை ஆண்டுக்கு நூறு நாட்களுக்குக் குறையாமல் பண்ணையிலே பாடுபட்டதாகச் சான்று காட்டவேண்டும்; காட்டாவிட்டால் தண்டனை! 1944இலே மாணவரும் ஆசிரியரும் கிளர்ந்தெழுந்தனர். ஊர்வலத்திலே சுட்டுக் கொல்லப்பட்டவர் மரியா சின்சில்யா எனும் பள்ளி ஆசிரியை. (பாடம் சொல்லிப் பிழைக்கும் நாம், அந்தப் பெயரை எழுதாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.) யூபிகோ வீழ்ந்தார். முதலிலே அரேவலோ எனும் பேராசிரியரும், 1951இலே ஆர்பென்ஸும், மக்கள் வாக்கால் குடியரசுத் தலைவராயினர்.

நூற்றுக்கு இரண்டு பேர் கையிலே நாட்டின் விளைநிலத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு! 1952 ஜூனிலே ஆர்பென்ஸ் 900ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். பெரும்பண்ணைகள் தரிசாகப் போட்டுவைத்த நிலத்தை மட்டும் எடுத்து, ஈடாக அரசுப் பத்திரம் தந்து, உழுபவனுக்குப் பகிர்ந்தளிக்கும் சட்டம். ஏறத்தாழ ஒரு லட்சம் குடும்பங்கள் பயன் பெற்றன. தம் சொந்த நிலத்தையும் ஆர்பென்ஸ் விட்டுவைக்கவில்லை.

மிகப்பெரிய நிலக்கிழார் யார் தெரியுமா? அமெரிக்காவின் யுனைடெட் புரூட் என்னும் வாழைப்பழக் கம்பெனி! இரயில்பாதை அதன் பிடியில். துறைமுகம் அதன் பிடியில். அதன் நிலத்திற்கு அரசு தர முன்வந்த ஈடு 6,27,572 டாலர். கம்பெனியே வரிக்கணக்கிலே எழுதிக்கொடுத்த மதிப்பு அது. அமெரிக்க வெளியுறவுத்துறை கேட்டதோ 1,58,54,849 டாலர்! வரி கட்டும்போது வெறும் தரிசு. விலை பேசும்போது பசும்பொன்!

வெளியுறவு அமைச்சர் ஜான் பாஸ்டர் டல்லஸ், அக்கம்பெனிக்கு வழக்காடிய சட்ட நிறுவனத்திலே முன்னாள் பங்குதாரர். சி.ஐ.ஏ.யின் தலைவரோ அவர் தம்பி ஆலன். ஆயினும் வாழைப்பழமே முழுக் காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆர்பென்ஸுக்குக் கம்யூனிஸ்டு நண்பர்கள் உண்டு. எங்கும் மாஸ்கோவின் நிழலைக் கண்டு மிரண்ட காலம் அது. 1953 ஆகஸ்டிலே ஐசன்ஹோவர் இசைவளித்தார். இரகசியத் திட்டம் உருவாயிற்று.

தேவாலயமும் சும்மா இருக்கவில்லை. 1954 ஏப்ரலிலே பேராயர் ரோசெல் விடுத்த மடல் கோயில்தோறும் படிக்கப்பட்டது: கடவுளுக்குப் பகைவரான கம்யூனிஸ்டுகளை எதிர்த்து எழுவீர் என்று!

ஜூன் 18. காஸ்தில்யோ அர்மாஸ் எனும் நாடுகடந்த படைத்தலைவன் ஹோண்டுராஸிலிருந்து எல்லை தாண்டினான். உடன் வந்தோர் ஐந்நூறு பேர்கூட இல்லை. குவாலான் என்னும் ஊரிலே அவர்களில் 122 பேரை முப்பதே சிப்பாய்கள் சிதறடித்தனர். புவேர்த்தோ பாரியோஸ் துறைமுகத்திலே காவலரும் கப்பற்கூலிகளும் விரட்டியடித்தனர். வானொலியோ, பெரும்படை தலைநகரை நெருங்குகிறது என்று முழங்கிற்று!

கட்சி மாறி வந்த விமானி ஒருவர், தோழர்களை அழைத்துப் பேச மறுத்தார். மது ஊற்றினர். பேசுவதானால் என்ன பேசுவீர் என்று விளையாட்டாகக் கேட்டனர். அவர் போதையிலே உளறியதை ஒளித்துப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி ஒலிபரப்பினர். வானொலியை நடத்திய டேவிட் பிலிப்ஸே பின்னாளில் எழுதிய செய்தி இது. அதன்பின் தம் விமானிகளையே நம்பமுடியாத ஆர்பென்ஸ், விமானங்களைத் தரையிலே நிறுத்திவிட்டார்.

படை அதிகாரிகள் போரிடவில்லை. அவர்கள் அஞ்சியது அர்மாஸுக்கு அல்ல. அவனுக்குப் பின்னே அமெரிக்கப் படையே வரும் என்று அஞ்சினர். ஜூன் 27இலே ஆர்பென்ஸ் பதவி துறந்தார். நாட்டைவிட்டுப் புறப்படும்போது, விமான நிலையத்திலே ஆடை களைந்து சோதித்து, அதையும் படம் பிடித்தனர்.

அர்மாஸ் ஆட்சி பீடமேறியதும் நிலச்சட்டம் நீங்கிற்று. எழுத்தறியாதோரின் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். மாண்டோர் இரண்டு லட்சம் பேர். பெரும்பாலோர் அம்மண்ணின் பழங்குடிகளாம் மாயா மக்கள்.

1997இலே சி.ஐ.ஏ. தன் பழைய ஏடுகளிற் சிலவற்றை வெளியிட்டது. கொல்லத்தக்கோர் என்று குறித்த பட்டியலும் அவற்றிலே இருந்தது. அவ்வாறு எவரும் கொல்லப்பட்டதற்குச் சான்றில்லை என்கிறது அத்துறை. எவர் எவர் என்று நாம் பார்ப்பதற்கும் வழியில்லை, பெயர்கள் மறைக்கப்பட்டிருக்கின்றன.