ஒருபோதும் நிறைவுறாதவளின் சக்கரங்கள்

பிரான்சின் கொம்பியேன் நகரிலுள்ள தேசிய வாகன அருங்காட்சியகத்தில், பீரங்கிக் குண்டைப் போன்ற உடலுடைய கார் ஒன்று நிற்கிறது. அதன் பெயர் 'லா ஜமே கோந்தாந்த்'. 'ஒருபோதும் நிறைவுறாதவள்' என்று தமிழில் சொல்லலாம். 1899 ஏப்ரல் 29 அன்று, பாரிசுக்கு அருகிலுள்ள ஆஷேர் என்னுமிடத்துச் சாலையில் காமில் ஜெனாட்சி என்ற பெல்ஜியர் அதனை மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்தினார். சாலை வாகனம் ஒன்று நூறு கிலோமீட்டரைக் கடந்தது அதுவே முதன்முறை. அது பெட்ரோலில் ஓடிய கார் அன்று என்பதை இன்று பலரும் வியப்புடன் எடுத்துச் சொல்கிறார்கள். மின்கலங்களும் இரு மோட்டார்களுமே அதனை ஓட்டின.

அந்த வெற்றிக்குக் காரணமாகப் பெரும்பாலோர் சுட்டுவது குண்டு வடிவ உடலைத்தான். ஆனால் பழைய புகைப்படத்தைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். ஓட்டுநர் இடுப்புக்கு மேல் முழுவதும் வெளியே நீட்டிக்கொண்டு, குதிரை வண்டிக்காரரைப் போல நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். கீழே அச்சுகளும் ஆரக்கால்களும் மறைப்பின்றிக் காற்றை எதிர்கொள்கின்றன. வடிவத்தால் கிடைத்த ஆதாயத்தில் பெரும்பகுதி இவற்றிலேயே கரைந்திருக்க வேண்டும். என் பார்வையில், அந்தக் காரில் நாம் கவனிக்க வேண்டியது அதன் சக்கரங்களில் இருந்த மிஷ்லென் நிறுவனத்தின் காற்றடைத்த டயர்களையே. ஏறத்தாழ ஒன்றரை டன் எடையை அந்த வேகத்தில் தாங்கியவை அவை. ஜெனாட்சியின் தந்தை பெல்ஜியத்தில் ரப்பர்ப் பொருள்கள் உற்பத்தி செய்தவர் என்பதும் இங்கு நினைவுகொள்ளத்தக்கது.

மின்காரின் வரலாற்றை மின்கலத்தின் வரலாறாகவே எழுதி வந்திருக்கிறார்கள். அதனை டயரின் வரலாறாகவும் எழுதலாம். மின்கலம் கனமானது, கனம் தடித்த, வலுவான டயரைக் கேட்கிறது. மின்கலத்தில் அடங்கும் ஆற்றலோ குறைவு. அது குறைந்த உராய்வில் உருளும் சிக்கனமான டயரைக் கேட்கிறது. இவ்விரு வேண்டுகோள்களும் ஒன்றுக்கொன்று முரணானவை. இன்று தம் மின்காருக்கு அகலமான டயரும் பெரிய அலாய் வீலும் பூட்டிக்கொள்ள எண்ணுபவர், தாம் அறியாமலே நூற்றிருபத்தைந்து ஆண்டுப் பழமையான இந்த வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்கிறார்.

வழக்கின் முதற்பலி லண்டனில் விழுந்தது. 1897 ஆகஸ்டில் வால்டர் பெர்சி வடிவமைத்த மின்வாடகை வண்டிகள் அந்நகரத் தெருக்களில் ஓடத் தொடங்கின. அவற்றின் மெல்லிய ஓசை காரணமாக மக்கள் 'ரீங்காரப் பறவை' என்று பெயரிட்டனர். வண்டியின் எடை இரண்டு டன். மின்கலங்கள் மட்டுமே 700 கிலோவுக்குமேல். சக்கரங்களில் இருந்தவை திட ரப்பர் டயர்கள். சில மாதங்களுக்குள் அந்தக் கனம் ரப்பரைத் தேய்த்துவிட்டது. தேய்ந்த டயரால் அதிர்வு மிகுந்தது. அதிர்வால் மின்கலத் தகடுகள் சிதைந்தன. ரீங்காரம் இரைச்சலாயிற்று. 1899இல் அந்த நிறுவனம் தொழிலை நிறுத்திக்கொண்டது. அதன் தோல்விக்குக் காரணம் வேறு பலவும் உண்டெனினும், டயர்ச் செலவு அவற்றுள் சிறியதன்று.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இதற்கு முன்பே ஒரு பாடம் கற்கப்பட்டிருந்தது. பிலடெல்பியாவில் மோரிசும் சலோமும் 1894இல் செய்த 'எலக்ட்ரோபேட்' எடை தாங்காது என்று இரும்புப் பட்டை போட்ட சக்கரங்களில் ஓடியது. அடுத்த வடிவத்தில் அவர்கள் மின்கலத்தைக் குறைத்து, எடையைக் குறைத்து, காற்றடைத்த டயருக்கு மாறினார்கள். எந்த டயர் என்று முடிவு செய்த பின்னரே எவ்வளவு மின்கலம் என்று முடிவு செய்ய இயலும் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

இந்த டயர்களுக்கான ரப்பர் எங்கிருந்து வந்தது என்று ஒரு சொல் சொல்லாமல் செல்ல மனமில்லை. அன்று தோட்ட ரப்பர் சந்தைக்கு வரத் தொடங்கியிருக்கவில்லை. அமேசான் காட்டிலிருந்தும், பெல்ஜிய அரசர் லியோபோல்டின் கொடுங்கோலில் இருந்த காங்கோவிலிருந்தும் காட்டு ரப்பர் வந்தது. மோட்டார் வாகனங்கள் பெருகப் பெருகத் தேவை உயர்ந்து, மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அங்கு பால் வெட்டக் கப்பலேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். அந்தக் கதையைத் தனியே எழுத வேண்டும்.

மின்கார்கள் மறைந்து பெட்ரோல் கார்கள் ஆண்ட இடைக்காலத்தில்தான் அகலச் சக்கர மோகம் பிறந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய கலிபோர்னியாவில் இளைஞர்கள் பழைய கார்களை மாற்றியமைத்துக் குறுந்தூரப் பந்தயம் விட்டனர். அவர்களுக்காக 1956இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட அமெரிக்கன் ரேசிங் நிறுவனம் மெக்னீசியச் சக்கரங்களை வார்த்துத் தந்தது. எடையைக் குறைப்பதே அவற்றின் நோக்கம். பந்தயத்தில் தேவையாக இருந்தது தெருவில் அலங்காரமாயிற்று. பின்னர் ரிம் பெரிதாகவும் டயரின் பக்கச்சுவர் குட்டையாகவும் ஆகிக்கொண்டே போயின. பெட்ரோல் காரில் இதற்கான விலை கண்ணில் படுவதில்லை. மாதக் கடைசியில் பெட்ரோல் கணக்கில் சில ரூபாய் கூடுதலாயிற்று என்று யார் துப்புத் துலக்குகிறார்கள்? மின்காரிலோ இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது எப்போதும் எதிரே திரையில் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது.

மின்கார் மீண்டு வந்தபோது பொறியாளர்கள் முதலில் கைவைத்த இடங்களில் டயரும் ஒன்று. 1996இல் ஜெனரல் மோட்டார்ஸ் குத்தகைக்கு விட்ட 'ஈவி1' காரில் 500 கிலோவுக்கு மேற்பட்ட ஈய அமில மின்கலங்கள் இருந்தன. அதற்கென்றே மிஷ்லென் செய்தளித்த டயரின் அகலம் 175 மில்லிமீட்டர்தான். சாதாரணக் கார்களுக்கு 30 பவுண்டைச் சற்று மீறிய காற்றழுத்தம் போதும். இதற்கு 50 பவுண்டு. அழுத்தம் உயர்ந்தால் டயர் குறைவாக நசுங்கும். குறைவாக நசுங்கினால் ரப்பர் வெப்பமாக வீணடிக்கும் ஆற்றலும் குறையும். பயணம் சற்றுக் குலுங்கும், அவ்வளவே.

இந்தச் சிந்தனையின் உச்சம் 2013இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3. பிரிட்ஜ்ஸ்டோன் அதற்கென வடித்த டயரின் அளவு 155/70 ஆர்19. அகலம் 155 மில்லிமீட்டர். ரிம்மின் விட்டமோ 19 அங்குலம். உயர்ந்த, ஒல்லியான சக்கரம். சைக்கிள் சக்கரம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. அகலம் குறைந்தால் பிடிமானம் போய்விடுமே என்று அஞ்சியவர்களுக்கு இயற்பியல் ஒரு விடை வைத்திருந்தது. டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ எடையையும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது, அகலத்தைப் பொறுத்ததன்று. அகல டயரில் அப்பரப்பு அகன்று குறுகிக் கிடக்கும். ஒல்லி டயரில் நீண்டு கிடக்கும். 'அகல டயர் போட்டால் சாலையில் அதிக ரப்பர் படும்' என்னும் பரவலான நம்பிக்கை, அதே அழுத்தத்தில், பெரும்பாலும் பிழையானது.

நேர்மையாகச் சொன்னால், இதே வாதம் எதிர்த்திசையிலும் செல்லும். அகலம் என்ற ஒன்றால் மட்டும் உருளும் உராய்வு மிகுந்துவிடுவதில்லை. இழப்பு அகலத்துடன் கூடவே வரும் மற்றவற்றால் நேர்கிறது: காற்றை எதிர்க்கும் முகப்பு விரிகிறது, சக்கரத்தின் விளிம்பில் எடை ஏறுகிறது, அகல டயர்களுக்குப் பெரும்பாலும் ஒட்டும் தன்மையுள்ள மென்ரப்பரையே பயன்படுத்துகிறார்கள். வளைவுகளில் அந்த மென்ரப்பரும் குட்டையான பக்கச்சுவரும் தரும் உறுதி உண்மையானது. அதனை மறுப்பதற்கில்லை.

ஐ3 உரிமையாளர்களில் சிலர் அகல டயர் தேடி அலைந்தார்கள். அவ்வளவில் வேறு நிறுவன டயர் கிடைப்பதே அரிதாக இருந்தது. ரிம்மை மாற்றினால் டயர் சக்கர வளைவில் உரசிவிடாமல் இருக்க வேண்டும். மொத்த விட்டம் மாறினால் வேகமானி பொய் சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, டயர் தாங்கக்கூடிய எடை, மின்கலம் சுமந்த காருக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அழகு குறைந்தால் பார்வைக்குத்தான் நட்டம். தாங்கும் திறன் குறைந்தால் உயிருக்கு ஆபத்து. இக்காரணத்தாலேயே கனமான மின்கார்களுக்கென 'எச்எல்' குறியீடுள்ள மிகுசுமை டயர்கள் பின்னர் சந்தைக்கு வந்தன.

நிறுவனமே அந்த ஆசைக்கு இணங்கியதுதான் சுவையான திருப்பம். 2017இல் அறிமுகமான ஐ3எஸ் வடிவத்தில் ரிம் 20 அங்குலமாயிற்று. முன்டயர் 175, பின்டயர் 195 மில்லிமீட்டர். அமெரிக்க அரசின் மதிப்பீட்டில் 2018ஆம் ஆண்டின் ஐ3 ஒருமுறை மின்னேற்றினால் 114 மைல் ஓடும். ஐ3எஸ் 107 மைல். மோட்டாரின் வலிமையும் சற்றுக் கூட்டப்பட்டிருந்ததால் முழுப்பழியையும் டயர்மேல் போடுவது முறையன்று. டெஸ்லாவின் மாடல் எஸ் பிளெய்ட் காரில் இக்குழப்பம் குறைவு. கார் அதுவே, சக்கரம் மட்டும் வேறு: 2021இல் அதன் மதிப்பீடு 19 அங்குலத்தில் 396 மைல், 21 அங்குலத்தில் 348 மைல் என்றிருந்தது. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு தூரம் அழகுக்கும் பிடிமானத்துக்குமாகக் கொடுக்கப்படுகிறது. சென்னையிலிருந்து விழுப்புரத்தைத் தொடுவதற்கு எண்பது கிலோமீட்டர் முன்பே நிற்பதற்கு ஒப்பானதன்று இது. நீண்ட பயணத்தின் இறுதியில்தான் அந்த எண்பது கிலோமீட்டர் உறைக்கும்.

ஐ3இன் உற்பத்தி 2022இல் நின்றது. அதற்கு முந்தைய ஆண்டே அதே நிறுவனம் ஐஎக்ஸ் என்ற மின்காரைச் சாலைக்குக் கொண்டுவந்திருந்தது. அதன் எடை இரண்டரை டன் அளவு. டயரின் அகலம் 235 மில்லிமீட்டரில் தொடங்குகிறது.